அழுங்கின் பிரிண்டரில் மை தீர்ந்த நாள்

ஒரு காட்டில், சிங்கத்தின் அலுவலகத்துக்குப் பின்புறம், எறும்புதின்னியான ஓர் அழுங்கு தன் வளையிலேயே கணினி மையம் நடத்திவந்தது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு கல். அந்தக் காட்டில் குடியிருக்கும் விலங்குகள் ஆண்டுக்கொருமுறை இருப்பிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை அழுங்குதான் நகம் நோகத் தட்டிக் கொடுக்கும். பன்னிரண்டு ஆண்டுகளில் அது யாரிடமும் "மை தீர்ந்துபோச்சு, நாளைக்கு வா" என்று சொன்னதில்லை. மாற்று மை எப்போதும் இருப்பில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அதற்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்த ஆண்டு நரி செல்போன் விற்க ஆரம்பித்தது.

"இனி யாரும் எங்கயும் போக வேண்டாம். எல்லாம் கையிலயே," என்றது எல்லோரிடமும். பிறகு அழுங்கின் வளைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, இந்தப் பெட்டியை இன்னும் வச்சிருக்கீங்களா? கோழி அடைக்கவாவது ஆகுமா?" என்று கேட்டது.

அழுங்கு சுருண்டுகொண்டது. புலி வந்தாலும் புதுமை வந்தாலும் அதன் குலத்தில் அதுதான் வழக்கம்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. இருப்பிட அனுமதிக்கு இனிச் செல்போனிலேயே விண்ணப்பிக்கலாம். மாதக் கடைசிக்குள் கணினி வழியாக ஒரு விண்ணப்பமும் வராவிட்டால் மையம் மூடப்படும்; வளை நரியின் கடைக்கு ஒதுக்கப்படும்.

அழுங்குக்கு வேறு வளை கிடையாது.

குரங்கு கிளையில் தொங்கியபடியே விண்ணப்பித்தது. யானை தும்பிக்கை நுனியால் ஓர் எழுத்தைத் தொட்டால் நான்கு எழுத்து விழுந்தன; அதுவும் மூன்று நாளில் முடித்துவிட்டது. இருபது நாள் வளைப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. இருபத்தோராம் நாள் வாசலில் வெளிச்சம் மறைந்தது. யானை நின்றது.

"என்ன அண்ணே, வழி தவறிட்டீங்களா?"

"இல்லப்பா. செல்போன்லதான் போட்டேன்னு அத்தாட்சி வேணுமாம். அந்தத் திரையைப் பேப்பர்ல எடுத்து, கையெழுத்துப் போட்டு, ரெண்டு காப்பி குடுக்கணுமாம்."

யானைக்குப் பின்னால் ஆற்றங்கரைவரை வரிசை நின்றது. பிழைத்தோம் என்று நினைத்தது அழுங்கு. ஒன்பது நாள் ஓயாமல் அச்செடுத்துக் கொடுத்தது.

மாதக் கடைசி நாளன்று தலைமை எழுத்தர் கரடி, கையில் செல்போனுடன் வரிசையின் முன்னால் வந்து சேர்ந்தது.

"உன் மையத்தை மூட உத்தரவாயிருக்கு. கணினி வழி விண்ணப்பம் பூஜ்யம்."

"ஐயா, வரிசையைப் பாருங்க!"

"பார்க்கிறதென்ன, அரை மணி நேரம் அதுலதான் நின்னேன். ஆனா இவங்க எல்லாம் செல்போன்ல போட்டவங்க. கணக்குல நீ இல்லை." கரடி செல்போனை நீட்டியது. "இதுதான் ஆணை. சிங்கம் பேப்பர்லதான் கையெழுத்துப் போடும். ரெண்டு காப்பி எடுத்துக் குடு."

அழுங்கு ஆணையை ஒருமுறை படித்தது. முதுகுச் செதில்கள் சுருளத் தயாராயின. ஆனால் சுருளவில்லை.

"மை தீர்ந்துபோச்சுங்க."

கரடிக்குப் பின்னால் நின்ற நரி பதறியது. "இப்பத்தானே குரங்குக்கு எடுத்தீங்க?"

"அதுலதான் தீர்ந்துது."

"அண்ணே, இன்னிக்குள்ள அத்தாட்சி குடுக்கலேன்னா என்னைக் காட்டை விட்டே துரத்திருவாங்க!"

கரடி நரியைப் பார்த்தது. வரிசையைப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"என் குகைக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள். அதுக்காவது மை இருக்குமா?"

அழுங்கு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"அதுக்கு இருக்குங்க."

அத்தாட்சி கன்னங்கரேலென்று வந்தது. கரடி ஈரம் காய ஊதி, இரண்டாக மடித்து வைத்துக்கொண்டது.

"ஆணைக்கு எப்போ மை வரும்?"

"சொல்லி வச்சிருக்கேங்க."

"அவசரமில்லை," என்றது கரடி.

நரி முன்னால் வந்து, செல்போனை இரண்டு கையாலும் நீட்டியது.

நீதி: தொழிலில் நேர்மை வேண்டும், மை எப்போது தீர வேண்டும் என்ற அறிவும் வேண்டும்.