பூஜ்யம் வாங்கி ஜெயித்த நோய்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் மகளை மருமகளாகப் பெற்ற பாக்கியவான், ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமா என்று கேட்பது முறை. ஆனால் நேற்று திரையில் நீங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு உங்கள் நுரையீரலைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. திரையிலேயே பேசித் தொலைக்காமல் இந்த மனுஷன் ஏன் மியூசியத்திலிருந்து எடுத்த மாதிரி காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் நினைக்கலாம். திரையில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை. படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இருவருக்கும் பொதுவான பேத்தி, அதாவது நம் வாண்டு, பிறந்ததிலிருந்து வலி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்கிறாள். அது பரம்பரை நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அந்த நோயை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு குடும்பத்திலும் ரத்தம் வேண்டும் என்கிறார்கள் என்று நான் சந்தோஷமாகச் சொன்னால், நீங்கள் என்ன சொன்னீர்கள்? "எங்க பக்கம் இதெல்லாம் கெடையாது சம்பந்தி, உங்க பக்கம் பாத்துக்கோங்க." முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்து மாத்திரை விற்ற உங்களுக்கு என்னைவிட நாலு விஷயம் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் வலி தெரியாதவன் என்று ஒருவனைக் காட்டுங்கள் பார்க்கலாம். என் அப்பா நகம் வெட்டும்போது விரலில் பட்டுவிட்டால் படுக்கையை விரித்துப் படுத்துவிடுவார். நான் லிஃப்ட் வேலையில் கையை நசுக்கிக்கொண்டு போட்ட கூச்சலில் பன்னிரண்டாவது மாடிக்காரர்கள் இறங்கி ஓடியிருக்கிறார்கள். நீங்களோ நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று காலில் மேசை விழுந்தும் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

சரி, அதை விடுங்கள். இந்த நோய் எப்படி ஆராய்ச்சிக்குத் தேர்வானது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நேற்று அப்படிப் பேசியிருக்க மாட்டீர்கள். எதற்கெடுத்தாலும் மருந்து இல்லையே என்பதுதான் முந்தைய காலத்துத் திண்டாட்டம். இப்போது பரம்பரை நோய்களுக்கென்றே ஒரு இயந்திரம் வந்துவிட்டது, எந்த நோயைப் போட்டாலும் ஒரு வருஷம் மென்று மருந்தைத் துப்புகிறது. பெரிய பெரிய நோய்களெல்லாம் அதன் வாய்க்குள் போய் ஒழிந்துவிட்டன. ஆனால் வருஷத்துக்கு இரண்டே இரண்டு நோய்தான் போடலாமாம். எதைப் போடுவது என்பதுதான் புதுத் திண்டாட்டம். படித்தவர்கள் கையில் விட்டால் அவரவர் ஆராய்ந்த நோயையே தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று, பொதுமக்களிலிருந்து குலுக்கல் போட்டுத் தேர்வுக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். குலுக்கலில் எனக்கு இதுவரை ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழுந்ததில்லை. இந்த வருஷம் இந்தக் குழுவில் விழுந்தேன்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. வாண்டுவின் நோயைச் சொல்லியே தீர்வது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். உங்கள் மகளைக் கேளுங்கள். அவள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழந்தையை நிற்கவைத்து, டார்ச் அடித்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்ப்பாள். வாடகைக்குப் போன பாத்திரம் திரும்பி வந்தால் நெளிசல் பார்ப்பார்களே, அந்த மாதிரி. முழங்கை வெந்திருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். போன கோடையில் கால் எலும்பு விரிசல் விட்டு, அதே காலோடு ஒரு வாரம் கயிறு தாண்டியிருக்கிறாள். குடல்வால் வீங்கியபோது வயிற்றில் ஒன்றுமே தெரியாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் வந்ததால் பிழைத்தாள். அடுத்த தடவை காய்ச்சல் முந்திக்கொண்டு வரும் என்று யார் கண்டது? இப்படிப்பட்ட குழந்தைகள் பெரியவர்களாவது அபூர்வம் என்று டாக்டர் என் காதோடு சொன்னார். அதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

குழுவுக்குப் போனேன். நீள மேசை, தண்ணீர் டம்ளர்கள், தலைவியம்மா. அந்த அம்மா பாங்க் மேனேஜராக இருந்தவர். யாராவது வளவளவென்று பேசினால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். நான் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன், என் படிவத்தில் உறவினருக்கு நோய் என்றிருந்ததைப் பார்த்து உடனே தட்டினார். உறவினரின் நோய்க்காக யாரும் வாய் திறக்கக்கூடாதாம், ஓட்டும் போடக்கூடாதாம், உறவினர்கள் மிகைப்படுத்துவார்களாம். ஆனால் தன் சொந்த நோய்க்காக யார் வேண்டுமானாலும் பேசலாமாம், நோயாளியின் குரலைக் கேட்க வேண்டுமாம். எங்கள் நோயாளியோ பால் பல் விழுகிற வயசு. குழுவில் சேர்க்க மாட்டார்கள். எப்படியிருக்கிறது கதை?

என் வாயைக் கட்டிவிட்டு மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். சலூன்காரர் ஒருவர் வழுக்கைக்காகப் பேசினார். அவர் தலையில் முடி மருந்துக்குக்கூட இல்லை. சவரக்கத்தி பிடிக்கிறவனுக்கே வழுக்கை என்றால் எந்த வாடிக்கையாளர் நம்பி உட்காருவான் என்று உருகினார். அடுத்து ஒரு டீச்சரம்மா, குறட்டை. பரம்பரைக் குறட்டையாம், பயணங்களில் பக்கத்துப் பெட்டி காலியாகிவிடுகிறதாம். அப்புறம் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒரு பெயின்டர். அந்த மனிதர் இத்தனை வருஷம் யார் வீட்டுக்கு என்ன அடித்தாரோ, நான் கேட்கவில்லை. மேசையில் எங்கள் நோயும் இருந்தது. பெயரை மட்டும் தலைவியம்மா வாசித்தார், அதற்காகப் பேச ஆளில்லை.

மார்க் போடும் முறைதான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது. முன்பெல்லாம் செலவு, ஆயுள், எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஏகப்பட்ட கணக்குப் பார்த்து அடிதடி வரை போயிருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், மனுஷ ஜன்மத்துக்கெல்லாம் பொதுவானது வலி ஒன்றுதான், நோயாளிக்கு எவ்வளவு வலி என்பதற்கு மட்டும் பத்துக்கு மார்க் போடுங்கள் என்று சொல்ல, அதையே சட்டமாக்கிவிட்டார்கள். மூட்டெல்லாம் இறுகி அலறவைக்கும் ஒரு நோய்க்கு எல்லோரும் மறுபேச்சில்லாமல் பத்து போட்டார்கள், நியாயம்தான், அது முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மிச்சம் ஒரு இடம். சலூன்காரர் மனவலி, மனவலி என்று சொல்லியே ஆறு வாங்கிவிட்டார். குறட்டைக்கு விலாவில் இடி வாங்கும் வலி என்று நாலு. நிறம் தெரியாததற்கு, பாவம் என்று ஒன்று. எங்கள் நோய்க்கு என்ன போடுவார்கள்? வலியே தெரியாத நோய்க்கு வலி எவ்வளவு? பூஜ்யம். "குடுத்து வெச்ச கொழந்தைங்க" என்று டீச்சரம்மா வேறு சொன்னார்.

நான் இருமினேன். செருமினேன். நாற்காலியை இழுத்தேன். லிஃப்ட்டில் எல்லாம் பழுதானாலும் சமாளிக்கலாம், அபாய மணி பழுதானால்தான் ஆள் போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். டம்ளரில் கரண்டித் தட்டு விழுந்தது. இன்னொரு தடவை வாய் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். எனக்கு அழுகை வந்தது சம்பந்தி, சொல்வதற்கென்ன வெட்கம்.

கடைசி நாள் கூட்டத்துக்கு வாண்டுவைக் கூட்டிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. உங்கள் மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, என் வீட்டுக்காரி கண் டாக்டரிடம் போயிருந்தாள், மகன் கப்பலில். ஓரமாக உட்கார்ந்து படம் வரையட்டும் என்று தலைவியம்மாவே பெரிய மனது பண்ணினார். குழந்தைக்கு என்ன நோய் என்று நான் மூச்சு விடவில்லை. வெளியே அனுப்பிவிடுவார்களே.

சலூன்காரர் கடைசிப் பேச்சைப் பேசினார். கையை வீசி வீசிப் பேசுகிற ஆசாமி. மனவலி என்கிற இடத்தில் ஒரே வீச்சு, கண்ணாடி டம்ளர் பறந்துபோய்த் தரையில் தூள் தூளானது. யாரும் நகராதீர்கள், துடைப்பம் வரட்டும் என்று தலைவியம்மா சொன்னார். எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டோம். நம் வாண்டு எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து, சலூன்காரர் முன்னால் போய் நின்று, மூடியிருந்த கையை நீட்டினாள்.

"சலூன் தாத்தா, எல்லாத்தையும் பொறுக்கிட்டேன். ஒண்ணு கூட விடல."

கையை விரித்தாள். கண்ணாடிச் சில்லுகள் உள்ளங்கையில் குத்திக்கொண்டு நின்றன. ரத்தம் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை சிரித்த முகத்தோடு, சபாஷ் சொல்வார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கள் கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் வலிக்காதவள் அவள் ஒருத்திதான்.

சலூன்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சில்லாக எடுத்தார். பையிலிருந்து படிகாரக் கட்டியை எடுத்து ஒற்றி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கிழித்துக் கட்டினார். எத்தனை கன்னத்துக் கீறலைப் பார்த்தவர். கட்டி முடித்த பிறகுதான் உட்கார்ந்தார். இதுதானா அந்த நோய் என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

"மார்க்க மாத்திப் போடலாமா மேடம்?" என்று கேட்டார்.

தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் பாங்க் மேனேஜர் பாங்க் மேனேஜர்தான். "நோயாளிக்கு என்ன வலியோ அதுதாங்க மார்க். இந்தக் கொழந்தைக்கு ஜீரோ. சட்டத்த நான் மாத்த முடியாது."

"அப்ப சரி, என் வழுக்கைய நான் வாபஸ் வாங்கிக்கறேன். அதுக்குச் சட்டம் எடம் குடுக்குமில்ல?"

கொடுத்தது. டீச்சரம்மா எழுந்து, பக்கத்துப் பெட்டிக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும் என்று குறட்டையை வாபஸ் வாங்கினார். பெயின்டர் மட்டும் கிட்டே வந்து குனிந்தார். துண்டில் ஊறியிருந்ததைக் காட்டி, அது சிவப்புதானே என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றதும் அவரும் வாபஸ். மேசையில் மிஞ்சியது ஒரே நோய். தலைவியம்மா கரண்டியால் தட்டி, பூஜ்யம் மார்க் வாங்கிய நோய் இரண்டாவது இடத்துக்குத் தேர்வாகிறது என்று அறிவித்தார். என் படிப்பில் நான் வாங்கிய பூஜ்யத்துக்கெல்லாம் அடிதான் விழுந்திருக்கிறது. இதற்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இப்படி முன்பின் தெரியாத ஒருவர் தன் தலையைத் தியாகம் செய்திருக்கிறார், நீங்கள் ஒரு குழாய் ரத்தத்துக்கு மூக்கால் அழுகிறீர்கள். உங்கள் ஊர் லேபிலேயே கொடுத்துவிடுங்கள். என் கோபம் தணியும் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம். இது சர்வ நிச்சயமாக உங்கள் பக்கத்து நோய்தான். தவிர, நான் இந்த இயந்திரத்தையும் பெரிதாக நம்பவில்லை. சில நோய்களை வாயில் போட்டு ஒன்றும் துப்பாமல் உட்கார்ந்ததும் உண்டாம். இத்தனை வருஷம் இயந்திரங்களோடு குப்பை கொட்டியவன் சொல்கிறேன், ரொம்பவும் ஆசைப்படாதீர்கள்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் முழங்கால், சர்க்கரை, கோபம் மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மிகுந்த மரியாதையும் அதைவிட மிகுந்த வருத்தமும் உள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உறையில் போட்டபோது என் வீட்டுக்காரி பிடுங்கி, கோபம் ஆறினதும் அனுப்பலாம் என்று அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். அதற்குள் நீங்களாகவே ரத்தம் கொடுத்தீர்கள், இயந்திரம் துப்பிய மருந்தை வாண்டுவுக்கு ஊசியாகப் போட்டபோது ஆஸ்பத்திரியில் எங்களோடு வந்து உட்கார்ந்தீர்கள். நோய் பாதி உங்கள் பக்கம், பாதி என் பக்கம் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இயந்திரத்தைப் பற்றி எழுதியதை முக்கியமாக அடித்துவிடுங்கள். ஊசி போட்டும் ஒன்றையும் காணோமே என்று போன வாரம் நீங்கள் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். இன்று காலையில் வாண்டு ஓடிவந்த வேகத்தில் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். எப்போதும்போல ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். நின்றுவிட்டாள். காலைக் குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தாத்தா, என் வெரல் கத்துது" என்றாள். அதற்கு என்ன பெயர் என்றே குழந்தைக்குத் தெரியவில்லை சம்பந்தி. அப்புறம் ஓவென்று அழ ஆரம்பித்தாள். உங்கள் மகள் ஓடிவந்து எங்கே, எங்கே என்று கேட்டுத் தானும் அழுகிறாள், என் வீட்டுக்காரி சிரிக்கிறாள், நான் தரையில் உட்கார்ந்து அந்த விரலை ஊதிக்கொண்டிருக்கிறேன். ஊதினால் சரியாகும் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும், நிறுத்தினால் இன்னும் சத்தமாக அழுகிறாள். ஒரு கையால் இதை எழுதுகிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறது, நீங்கள் உடனே புறப்பட்டு வந்து கொஞ்ச நேரம் ஊதுங்கள்.