மூச்சண்ணையின் ஊறுகாய்ப் போத்தல்

வாசகரே, சாட்சிக் கூண்டில் நீங்கள் ஏறுங்கள். குற்றவாளியின் இடத்தில் நானே நிற்கிறேன். எஞ்சினை மூச்சண்ணையைப் போல் நேசித்த இன்னொரு மனிதர் இந்த ஏ-ஒன்பது வீதியின் இரு அந்தங்களுக்கும் இடையில் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப் போவதுமில்லை. மறுப்பவர் எவராயினும் என்னோடு வாதிட வரலாம்.

புளியங்குளத்தில் கராஜ் வைத்திருந்த அவருடைய இயற்பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டார் என்பார்கள். எதிர்ப்படுபவரிடம் சுகம் விசாரிக்க மாட்டார், "எஞ்சின் எப்பிடி மூச்சு விடுது?" என்றுதான் கேட்பார். ஒரு கலியாணத்தன்று மாப்பிள்ளையின் கார் கோயில் வாசலுக்கு வந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னார். எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து, எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்து நாடி பார்த்தார்.

"அண்ணை, உள்ளுக்குப் பொம்பிளை காத்துக்கொண்டு நிக்குது!" என்று மாப்பிள்ளை கெஞ்சினான்.

"அவா காத்திருப்பா தம்பி. இது காத்திருக்காது."

ஓடும் எஞ்சின் எண்ணெய்ப் புகையை மூச்சாக விடுகிறது. ஒரு குழாய் அந்தப் புகையை மீண்டும் எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கிறது. குடித்துக் குடித்து உள்ளெல்லாம் கரி படிகிறது. இதுவே அவருடைய வேதம். ஆகவே அந்தக் குழாயை நடுவில் வெட்டித் தடித்த கண்ணாடி ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைப் பூட்டுவார். மூடியில் இரண்டு பித்தளைக் குழாய்கள். உள்ளே சட்டி தேய்க்கும் கம்பிச்சுருள். எண்ணெய் சுருளில் ஒட்டிப் போத்தலில் வடியும். காற்று மட்டும் கடந்து போகும். அவர் வீட்டுக் குசினியில் சட்டி தேய்க்கச் சுருள் இருந்த நாளே கிடையாது.

அப்பாவின் பழைய வான் வண்டிக்கும் ஒன்று பூட்டினார். "மாதத்துக்கு ஒருக்கால் கழட்டி, சேர்ந்த எண்ணெயை வெளியில ஊத்திப்போடுங்கோ" என்றார். "ஓம், ஓம்" என்றார் அப்பா. எங்கள் ஊரில் 'ஓம்' இரண்டு முறை வந்தால் அந்தக் காரியம் நடக்காது.

கோயில் திருவிழாவில் பட்டிமன்றம். இயந்திரம் மனிதனை வாழவைக்கிறதா, வதைக்கிறதா? வதைக்கும் அணிக்கு நான் தலைவன். புறப்படும் முன் வானுக்குத் தண்ணீர் பார்த்தபோது, போத்தல் கழுத்துவரை நிரம்பியிருக்கக் கண்டேன். ஆதாரம் கண்முன்னே தொங்கும்போது அதை ஆராய்ந்துகொண்டிருப்பது பேச்சாளனுக்கு அழகா? குழாயை நேரே பொருத்திவிட்டுப் போத்தலை மேடைக்குக் கொண்டுபோனேன்.

"சபையோரே! இது எண்ணெய் அன்று. எங்கள் வானின் குருதி! சொட்டுச் சொட்டாக உறிஞ்சியிருக்கிறது இந்த ஊறுகாய்ப் போத்தல்!"

விசில் பறந்தது. முன்வரிசைக் கதிரையிலிருந்து மூச்சண்ணை எழுந்து கையுயர்த்தினார்.

"தம்பி, ஒரு நிமிசம்... அது என்னெண்டால்..."

நான் விடவில்லை. "இதோ, உறிஞ்சியவரே விளக்கம் சொல்ல வருகிறார், வழி விடுங்கள்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார். என் அணி வென்றது. எனக்குப் பொன்னாடை விழுந்தது.

அடுத்த கிழமைக்குள் ஊரில் மேலும் ஒன்பது வாகனங்களின் போத்தல்கள் கழற்றப்பட்டன. "எங்கட எண்ணெயை இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம். மூச்சண்ணையோ திரும்பி வந்த போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மதிலில் கவிழ்த்து வைத்தார். அதன்பின் அவரிடம் எஞ்சின்கள் வரவில்லை. காற்றுப்போன சைக்கிள்களே வந்தன.

சில மாதங்களில் எங்கள் வான் நீலப் புகை கக்கியது. கிளிநொச்சியில் ஒரு மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் வழித்தார். விரல் முழுக்க எண்ணெய்.

"இதில முந்தி ஒரு போத்தில் இருந்ததெல்லோ? ஆர் கழட்டினது?"

அப்பா என்னைக் காட்டினார். "இவர்தான். மேடையில நிண்டு கழட்டினவர்."

"போத்தில் நிரம்பினால் அது வேலை செய்யுதெண்டு அர்த்தம் தம்பி. அது பிடிச்ச எண்ணெய் முழுக்க இப்ப எஞ்சினுக்கை போகுது."

என் வாழ்நாளிலேயே சிறந்த ஆதாரத்தை நான் எதிரணிக்காகக் காட்டியிருக்கிறேன்! அதைவிடக் கொடுமை, உண்மை அறிந்த ஒரே மனிதரை அதே மூச்சில் கள்ளனாக்கியிருக்கிறேன். பொய்யைத் திறம்படச் சொல்லக்கூடிய நாவு வாய்த்ததை அன்றுதான் முதன்முறையாக நொந்துகொண்டேன்.

நேரே கராஜுக்குப் போனேன். மூச்சண்ணை சைக்கிள் ரியூப் ஒன்றைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லி வாங்குப் பலகையை இழுத்துப் போட்டார். எனக்கு இருக்க மனம் வரவில்லை.

"அண்டைக்கு ஏன் அண்ணை விட்டனீங்கள்? மேடைக்கு ஏறி வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீர் வடிவாக் கதைச்சுக்கொண்டிருந்தனீர் தம்பி. நடுவில குழப்பினால் பாவமெண்டு இருந்திட்டன்" என்றார், ரியூப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் கராஜ் வாசலில் போய் நின்றேன். வீதியில் போனவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்:

"எங்கட வானுக்குத் திருப்பிப் பூட்டுங்கோ அண்ணை. மற்ற ஒன்பது வீட்டுக்கும் நானே போறன். மைக் இல்லாமல், ஒவ்வொரு வாசல் படலையிலயும் நிண்டு, பிழை என்னிலதான் எண்டு சொல்லிப்போட்டு வாறன்."