நாற்பத்து மூன்று சிவப்பு அம்புகள்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய இரத்தினம்மா அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பி இரத்தினசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கௌரியும் சுகம். என் நெஞ்சில் போட்ட தையலும் சுகம். அங்கே கொட்டாஞ்சேனையில் நீங்களும் உங்கள் மகள் தாரிகாவும் உங்கள் தையல் மெஷினும் குறையின்றி இருக்க முருகனை வேண்டுகிறேன். முக்கால் மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் அக்காவுக்கு இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணி இன்றோடு ஒன்பது நாள். நான் வேறென்ன செய்ய? முச்சக்கர வண்டிக்கார றொஹானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியுங்கோ.

முதலில் நன்றி. அதைச் சொல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சொன்னதுதான் நான் செய்த முதல் பிழை. ஒப்பரேஷன் முடிந்து நான் வீடு வந்தபோது கொழும்பே வெக்கையில் அவிந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் பல் கிடுகிடுக்கும் குளிர். பிளவுஸைத் தவிர வேறெதுவும் தைத்தறியாத நீங்கள், யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து, என் பழைய சட்டைகளையும் கௌரியின் ஹவுஸ்கோட்டுகளையும் தாரிகா சின்ன வயதில் போட்ட யானைப்படக் கவுனையும் துண்டு துண்டாக வெட்டி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்ததிலிருந்து ஐந்து கிழமை இருந்து பொருத்தி, எனக்கு ஒரு போர்வை தைத்துத் தந்தீர்கள். அதற்குள் படுத்த அன்றுதான் எனக்குக் குளிர் விட்டது. பத்து நாள் அதற்குள்ளேயே கிடந்தேன்.

பதினோராம் நாள் உடம்பு கொஞ்சம் தேறிவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது. இரத்மலானை கார்மன்ட் பக்டரியில் முப்பத்தொரு வருடம் தையல் பரிசோதித்தவனுக்கு, உடம்பு தேறினால் கண்ணும் தேறிவிடுகிறது அக்கா. போர்வையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டேன். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தால், ஓய்வு பெற்ற நாளிலிருந்து சும்மா கிடந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். பிழை உள்ள இடத்தைத் தையல்காரப் பிள்ளைகளுக்குக் காட்ட நாங்கள் ஒட்டுவோமே, அதேதான். ஒன்று ஒட்டினேன். கை நிற்கவில்லை. கோணல் போனது, நூல் தாவியது, மூலை சேராதது, எட்டு யானையில் ஒன்று காலை மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாக நின்றது என்று ஒன்றேகால் மணி நேரத்தில் நாற்பத்து மூன்று அம்பு. கௌரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அக்கா கண்டா என்ன நினைப்பா?" என்றாள். நானோ, "இது மரியாதை. திருத்தலாம் எண்ட துணிக்குத்தான் அம்பு ஒட்டுறது. ஆகாததை அப்படியே ரிஜெக்ட் பெட்டிக்குள்ள போட்டிடுவம்" என்று விளக்கம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தேங்காய்ப்பால் சொதிச் சட்டியோடு நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

நீங்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மேசையைப் பார்த்தீர்கள். விரலால் அம்புகளை எண்ணினீர்கள். "ஊர்ப்பிள்ளையளின்ர தையலில பிழை பிடிச்சது காணாதெண்டு கடைசியில என்னட்டையும் வந்திட்டியோ? குடு. எல்லாத்தையும் பிரிச்சுத் திருப்பித் தைச்சுத் தாறன்" என்று சொல்லிப் போர்வையைச் சுருட்டி அக்குளில் வைத்தீர்கள். போனவர் திரும்பி வந்தபோது மனம் இளகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். சொதிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கௌரி இன்றுவரை போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சொதியைப் பற்றித்தான் பேசுகிறாள்.

அடுத்த நாளே மகன் கிஷாந்த் பெரிய கடையொன்றில் ஒரு போர்வை வாங்கி வந்து போட்டான். முழுக்க மெஷின் வேலை. இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், ஒரு நூல் பிசகவில்லை. பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிட்டது அக்கா, அதற்குப் பிறகு அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் படுத்தால் வழுக்கிக்கொண்டு கீழே விழுகிறது. உங்கள் போர்வையில் அந்த நாலாவது தையல் வரி நெளிந்து தடித்து இருக்குமே, அங்கேதான் என் விரல் போய்க் கிடக்கும். அதைத் தடவிக்கொண்டே தூங்கிவிடுவேன். இதில் விரல் தேடித் தேடி அலுத்துப்போய் விழித்துக்கொள்கிறது. திரும்பவும் குளிர்கிறது.

இன்று காலை தாரிகா உங்களுக்குத் தெரியாமல் வந்தாள். கோபிக்க வேண்டாம், பிள்ளையை நான்தான் கூப்பிட்டேன். அவளிடமும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் சரி பிள்ளை, அந்த நாலாவது வரிதான் எனக்கு விளங்கேல்லை. ஒரு வரியில மட்டும் பதினொரு அம்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தைச்சவவோ?" என்று கேட்டேன். "மாமா, அது உங்கட ஒப்பரேஷன் நாள் தைச்சது. அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டிட்டா. விடியத் தொடங்கி மெஷின்லதான் இருந்தவ. பக்கத்தில போன். அது ஒவ்வொருக்கா அடிக்கேக்கையும் பாய்ஞ்சு எடுப்பா, துணி ஓடிப்போகும். அழுதுகொண்டுதான் தைச்சவ. நீங்கள் கண் முழிச்சிட்டீங்கள் எண்டு மாமி போன் எடுத்தாவெல்லோ, அந்தச் சந்தோசத்தில வைச்சுத் தைச்ச யானைதான் தலைகீழாப் போனது" என்றாள்.

அக்கா, நான் அழுதேன். கௌரி பயந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதேயுங்கோ. போன செவ்வாய் கிளினிக்கில், என்னை ஒப்பரேஷன் செய்த டாக்டரிடம், "என்ர நெஞ்சுத் தையல் கீழ போகப் போகக் கால் அங்குலம் இடப்பக்கம் சரியுது டாக்டர்" என்று முறையிட்டிருந்தேன். அவர், "உள்ளுக்கு வேலை செய்யுதா ஐயா?" என்றார். "ஓம்" என்றேன். "பிறகென்ன?" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம். இன்றைக்குத் தாரிகா போன பிறகுதான் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தையலைத் திரும்பப் பார்த்தேன். அவர் அதைத் தைத்த அதே மணித்தியாலங்களில்தானே நீங்களும் கொட்டாஞ்சேனையில் இருந்து நாலாவது வரியைத் தைத்தீர்கள்! இரண்டும் கோணல்தான். இரண்டும்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஆகவே காலில் விழுந்து கேட்கிறேன், பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டீர்களென்றால், நாலாவது வரியையும் அந்த யானையையுமாவது விட்டு வையுங்கோ. ஸ்டிக்கர் சுருளைக் குப்பை வாளியில் போட்டுவிட்டேன். இனி இந்தக் கட்டை வேகும்வரை உங்கள் தையலை உற்றும் பார்க்க மாட்டேன், அளந்தும் பார்க்க மாட்டேன். நெஞ்சில் கை வைத்து, அதுவும் தையலுக்கு மேலேயே கை வைத்து, சத்தியம் செய்கிறேன்.

தாரிகாவுக்கு என் ஆசிகள். உங்களுக்கு நூறு வயது வரை கண்பார்வையும் கைப்பலமும் கிடைக்க வேண்டும். எனக்கு உங்கள் ஆசியும், முடிந்தால் கொஞ்சம் சொதியும் வேண்டும்.

என்றும் உங்கள் கைக்குள் வளர்ந்த தம்பி,
இரத்தினசிங்கம்

பி.கு.: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் றொஹான் மணியடித்து, "அங்கிள், கொட்டாஞ்சேனை ஆன்ட்டி தந்தவ" என்று பார்சலை நீட்டினான். சொதியும் வந்தது, உப்புக் கொஞ்சம் கூட, ஆனாலும் சட்டி காலி. கூடவே போர்வையும் வந்தது, அதில் நீங்கள் ஒரு தையலையும் பிரிக்கவில்லை. நான் ஸ்டிக்கர் ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் சிவப்புத் துணியில் ஓர் அம்பு வெட்டித் தைத்திருக்கிறீர்கள். எண்ணினேன், நாற்பத்து நாலு வந்தது. திரும்ப எண்ணினேன், அப்போதும் நாற்பத்து நாலு. அந்தக் கடைசி அம்பு தலைமாட்டு ஓரத்தில் துணிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இது எந்தப் பிழையைக் காட்டுகிறது என்று கௌரியிடம் கேட்டேன். என்னைப் படுக்கச் சொல்லி, கழுத்து வரை போர்த்திவிட்டு, "இப்ப உங்கட மூஞ்சியைத்தான் காட்டுது" என்றாள். சத்தியத்தை மீறிவிட்டேன் அக்கா, எழும்பி அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். முழுப் போர்வையிலும் ஒரு பிழையும் இல்லாத தையல் அது ஒன்றுதான்.