முப்பதாவது மேஜை, சமையலறைக் கதவுக்குப் பக்கம்

என்னோடு கூடப் பிறந்தவளும், பத்தொன்பது வருடம் நான்கு மாதமாக என்னோடு பேசாதவளுமான என் தங்கைக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மட்டும் வலது முழங்கால் சுகமில்லை. நீ விசாரிக்கப் போவதில்லை என்பதால் நானே சொல்லிவிட்டேன். அங்கே உன் வீட்டுக்காரர், பிள்ளைகள், மருமகள்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீயும் இரு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. உன்னோடு இனிமேல் பேசுவதில்லை என்று அன்றைக்குப் பெயிண்டரைச் சாட்சியாக நிறுத்திச் சத்தியம் பண்ணினேன். எழுதுவதில்லை என்று சத்தியம் பண்ணவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எங்கே எழுதப் போகிறேன் என்று அப்போது அதை விட்டுவிட்டேன். அதனால்தான் போனைத் தொடாமல் பேனாவைத் தொட்டிருக்கிறேன். காரியமும் என் காரியம் இல்லை, மூத்த பேத்தியின் காரியம். அவள் கல்யாணத்துக்கு வருகிறாயா இல்லையா என்று அவளுடைய வெப்சைட்டில் நீ இன்னும் பட்டனை அழுத்தவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் மண்டபத்துக்காரருக்கு எத்தனை நாற்காலி என்று சொல்லியாக வேண்டும். “ரெண்டு பாட்டியும் பக்கத்துல நிக்கலன்னா நான் போட்டோவே எடுத்துக்க மாட்டேன்” என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் என்ன செய்யட்டும்? நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். அதற்கப்புறம் நீ எந்தப் பட்டனை வேண்டுமானாலும் அழுத்திக்கொள்.

உனக்குத் தெரியும், அவளுக்கு வெப்சைட் செய்கிற வேலை. எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அவள் ஆபீஸ், எட்டு மணிக்கு மேல் அதில் ஒரு டம்ளர் வைக்க இடம் கிடையாது. ஊரார் கடைக்கெல்லாம் செய்து கொடுக்கிறவள் தன் கல்யாணத்துக்கும் ஒன்று செய்தாள். இருநூற்று நாற்பது விருந்தாளி, முப்பது வட்ட மேஜை, மேஜைக்கு எட்டுப் பேர். விருந்தாளி தன் போன் நம்பரைத் தட்டினால் எந்த மேஜை என்று அது சொல்லும். அதை நம் வீட்டில் வைத்து ஓட்ட முடியாதாம். எங்கேயோ ஒரு பெரிய கட்டிடத்தில் குளுகுளுவென்று ஏசி போட்டு வரிசையாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதாம். அதில் ஒரு மூலையை வாங்கி அங்கே குடி வைத்துவிடுவார்களாம், உலகத்தில் யார் கூப்பிட்டாலும் அது அங்கிருந்து பதில் சொல்லுமாம். அந்தக் கம்பெனிக்காரர்களை அவள் பார்த்ததும் இல்லை, அவர்கள் இவளைப் பார்த்ததும் இல்லை. பார்த்துப் பழகிய நம் ஆட்களைவிட ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்.

அதில் எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது. ஆரம்பத்தில் அவள் வாங்கிய மூலை கொஞ்சம் மட்டமான மூலை. கால் மணி நேரம் யாரும் வரவில்லை என்றால் வெப்சைட் தூங்கிவிடும், அடுத்தாற்போல வருகிறவர் அது எழுந்து கண்ணைக் கசக்கும்வரை ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். உன் அத்தான் இருந்தவரை அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி எழுப்பிப் பழகிய கை இது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுக்கொண்டே இருந்தேன். நான்கு நாள். ஐந்தாம் நாள் பேத்தி சாவகாசமாகச் சொல்கிறாள், “பாட்டி, அத நான் முந்தாநாளே தூங்காத பிளானுக்கு மாத்திட்டேனே.” இரண்டு நாளாக, விழித்துக்கொண்டிருப்பவனை நான் எழுப்பியிருக்கிறேன்! இதையும் மனதில் வைத்திருக்கிறேன். புது மூலையில் வேறொரு வசதி, முப்பது விநாடிக்கு ஒரு தடவை கம்பெனியே வெப்சைட்டைக் கூப்பிட்டு “நல்லாருக்கியா?” என்று கேட்குமாம். பதில் வராவிட்டால் உடனே ஓடிவந்து கவனிக்குமாம். இந்த வீட்டில் என்னை வாரத்துக்கு ஒரு தடவை யாராவது அப்படிக் கேட்கிறார்களா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாரை எந்த மேஜையில் உட்கார வைப்பது என்று என்னிடம்தான் கேட்டாள். இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு ஆகாது என்று வேறு யாருக்குத் தெரியும்? நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள், பெயருக்கு எதிரே “காரணம்” என்று ஒரு கட்டம். கணக்கு வாத்தியார் மாமா: என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர், குழந்தையை ஒரு தடவையும் கடிகாரத்தை மூன்று தடவையும் பார்த்தார். பல் டாக்டர் அத்தான்: எனக்கு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, “அதுவும் ஒருநாள் போக வேண்டியதுதானே” என்றார். சம்பந்தியம்மா, மாப்பிள்ளையைப் பெற்றவள்: முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தாள். இப்படி அறுபத்தொரு காரணம், ஒரு காகிதத்தையும் பார்க்காமல் சொன்னேன். பேத்தி விரலை உதறிக்கொண்டு, “பாட்டி, இவ்ளோ மெமரி அந்த சர்வருக்கே கிடையாது” என்றாள்.

அறுபத்தோராவது நீ. உன்னை முப்பதாவது மேஜையில் போடச் சொன்னேன், சமையலறைக் கதவுக்குப் பக்கம், கதவைத் திறக்கும்போதெல்லாம் நாற்காலியில் இடிக்கிற இடம். காரணம் உனக்கே தெரியும். எனக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்குப் பெயிண்ட், இரண்டும் ஒரே வாரம். “நீ நிம்மதியா படு அக்கா, நான் பாத்துக்கறேன்” என்றாய். பார்த்துக்கொண்டாய். கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கிறேன், கூடம் பச்சை, அறை பச்சை, உத்தரம்வரை பச்சை. டாக்டர் என் கண்ணைக் கெடுத்துவிட்டார் என்று அந்தக் கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், பதினெட்டு நோயாளிகள் முன்னால் அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெள்ளைச் சுவரைக் காட்டி, “இது என்ன கலர்ம்மா?” என்று கேட்டார். திரும்பி வந்தால் நீ பெயிண்டரோடு சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். பச்சையைக்கூட மன்னித்திருப்பேன். சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

இப்போது முக்கியமான இடம், கவனமாகப் படி. வெப்சைட்டில் இரண்டு உண்டு. ஒன்று ஒத்திகை, நாங்கள் மட்டும் பார்ப்பது. இன்னொன்று அசல், ஊர் பார்ப்பது. ஒத்திகையில் நான் சரிபார்ப்பதற்காக எல்லோருடைய காரணமும் வரிசையாகத் தெரியும். அசலில் மேஜை நம்பர் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை பகல் பேத்தி டேப்லெட்டை என் கையில் கொடுத்து, “பேரெல்லாம் கரெக்டான்னு மட்டும் பாரு பாட்டி” என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். பார்த்தேன். கரெக்ட். பிறகு அசலையும் பார்த்தேன். வெறும் நம்பர்! ஒரு மனிதரை இருபத்தேழாவது மேஜையில் தள்ளிவிட்டு ஏன் என்றுகூடச் சொல்லாமல் விடுவது என்ன மரியாதை? அவர் பாவம், உட்கார்ந்துகொண்டு யோசித்து யோசித்துச் சாப்பிடாமல் போய்விட மாட்டாரா? கம்பெனிக்காரர்களே ஒத்திகையை அசலாக்க ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். அழுத்தினேன். “நிச்சயமாகவா?” என்று கேட்டது. எழுபத்துநான்கு வயதில் முதல் தடவையாக என் முடிவை ஒருவர் மதித்துக் கேட்கிறார். நிச்சயமாகத்தான் என்று இன்னொரு தடவை அழுத்தினேன். நாற்பத்துமூன்று விநாடி சுற்றியது, பச்சை டிக் வந்தது. பச்சை என்றாலே எனக்கு ஆகாது என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

நான்கு மணிக்கு இருநூற்று நாற்பது பேருக்கும் “உங்கள் மேஜையைப் பாருங்கள்” என்று தானாகச் செய்தி போகும்படி அவள் முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை. போயிற்று.

நான்கு ஐந்துக்கு முதல் போன், கணக்கு வாத்தியார் மாமா. “மூணு தடவன்னு போட்டிருக்கே, ரெண்டு தடவதான் கடிகாரத்த பார்த்தேன். மூணாவது நான் பார்த்தது காலண்டர். திருத்து” என்றார். பல் டாக்டர் அத்தான் தான் பிடுங்கியது நல்ல பல் இல்லை, நல்ல பல்லுக்கு அடுத்த பல் என்றார். அப்படியென்றால் நல்ல பல் எங்கே போயிற்று என்று கேட்டேன், லைனை வைத்துவிட்டார். ஒருவராவது கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டுமே! எல்லோரும் அடுத்தவர் காரணத்தைப் படிக்கிற சுவாரஸ்யத்தில் இருக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் வெப்சைட் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொண்டது, அதுவும் போதாமல் இன்னொன்று, கடைசியில் ஆறு. ஆறு இடத்தில் நின்றுகொண்டு நான் சொன்னதையே சொல்கிறது. எனக்கு ஒரு வாய்தான், அதற்கே வீட்டில் அவ்வளவு பேச்சு.

நம் ஒன்றுவிட்ட தம்பி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவானே, அவன் போன் செய்து தழுதழுக்கிறான். “அக்கா, நாப்பது வருஷமா உங்க வீட்டுக்கு வந்து போறேன். என் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லையே. நான் ஒரு ஆளா தெரியலையா?” மனசு கேட்கவில்லை. “மின்விசிறியை நிறுத்தாமல் போவான்” என்று சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சந்தோஷமாக வைத்தான்.

அப்புறம் சம்பந்தியம்மா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “நாற்காலிய தொடச்சது உண்மைதாங்க” என்று ஆரம்பித்தார். “நான் எங்க போனாலும் தொடப்பேன். எங்க வீட்டு நாற்காலியையும் தொடப்பேன். அதுல எங்க வீட்டுக்காரர் உக்காந்திருந்தா அவரையும் சேர்த்துத் தொடப்பேன். ஆனா என் நாத்தனாருக்கு நாலு காரணம் போட்டிருக்கீங்க பாருங்க, அதுல ரெண்டாவதும் மூணாவதும் சத்தியமான வார்த்தை. இருபத்தெட்டு வருஷமா எனக்குச் சொல்ல வரல.” அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. கல்யாணம் இதோடு கெட்டிப்பட்டுவிட்டது என்று மட்டும் புரிந்தது.

பேத்தி ஆறு மணிக்கு ஓடிவந்தாள், ஒரு கை தைத்த ரவிக்கையோடு. தலையில் அடித்துக்கொண்டாள். “பாட்டி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!” ஒரு பட்டனைத் தட்டினாள். பத்து விநாடி. எல்லாம் பழையபடி, மேஜை நம்பர் மட்டும். “என் அறுபத்தொண்ணையும் அழிச்சிட்டியாடி?” என்றேன். “இல்ல பாட்டி, இதுல எதுவும் அழியாது. என்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே தேதி போட்டு வச்சிருக்கும். எப்ப வேணும்னாலும் பழசுக்குத் திரும்பிப் போகலாம், ஒரே பட்டன்.” அந்தக் கம்பெனிமேல் எனக்கு மரியாதை கூடியது. நம் குடும்பத்தில் நான் ஒருத்தி செய்துவந்த வேலை இது.

எல்லாம் ஓய்ந்தபின் இன்னொன்றைக் காட்டினாள். எந்த நிமிஷம் எந்த நம்பர் வந்து பார்த்தது என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது. உன் நம்பர் பதினோரு தடவை. எட்டாவது தடவைக்கும் ஒன்பதாவது தடவைக்கும் நடுவில் நாற்பது நிமிஷம் இடைவெளி. அழுதாயா, சாப்பிட்டாயா? வருகிறேன் என்றும் அழுத்தவில்லை, வரவில்லை என்றும் அழுத்தவில்லை. பேத்தி அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, “சின்னப் பாட்டி வர மாட்டாங்க, உன்னாலதான்” என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் டேப்லெட்டை என் கையில் கொடுக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். பிள்ளைக்காக வா. முப்பதாவது மேஜையில் உட்கார், இடம் மாறாது. கதவு இடித்தால் பொறுத்துக்கொள், பச்சைச் சுவரைப் பத்தொன்பது வருடம் நான் பொறுக்கவில்லையா? போட்டோவுக்கு மட்டும் என் பக்கத்தில் நில், தோளைத் தொட வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம், உன் சிரிப்பு எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, அவர்மேல் எனக்கு இரண்டே குறைதான். பேரப்பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, மூத்தவள் கடமை என்பதால்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று ராத்திரி எழுதி முடித்தேன். இன்று காலையில் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து உன்னை முதல் மேஜைக்கு மாற்றச் சொன்னேன், இரண்டாவது நாற்காலி. முதல் நாற்காலி என்னுடையது. பட்டனை நான்தான் அழுத்தினேன். கடிதத்தை உறையில் போடப் போகிறேன், பேத்தி ஓடி வருகிறாள். பன்னிரண்டாவது தடவையாக வந்து பார்த்துவிட்டு “வருகிறேன்” என்று அழுத்திவிட்டாயாம். கீழே “அது பச்சை இல்லை, பெயிண்டர் கலந்து கொடுத்த நீலம்” என்று வேறு எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் இந்தக் கடிதமே தேவையில்லை, இருந்தாலும் கை வலிக்க எழுதியதை வீணாக்குவானேன் என்று அனுப்புகிறேன். அது பச்சைதான். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்து நீயே பார், சுவர் அப்படியே இருக்கிறது. நடுவில் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று, இரண்டு தடவையும் பெயிண்டர் “வேற கலர் அடிச்சிடலாமாம்மா?” என்று கேட்டான். அதே பச்சை போதும் என்றேன். டப்பா நம்பர் எனக்கு மனப்பாடம். இதை நீ யாரிடமாவது மூச்சு விட்டாயானால், பழையது தேதி போட்டு அங்கே பத்திரமாக இருக்கிறது, ஒரே பட்டன், முப்பதாவது மேஜை.