அப்ரூவ் ஆன ஆடு

நாட்டு வெள்ளாடுகளின் மரபுப் பன்முகத்தன்மையைக் காப்பாற்றுவதென்று அரசாங்கம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். இந்த மண்ணின் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய ஆடுகள் நம்முடையவை, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது, அதுவே அவற்றின் பலம் என்று ஆணையின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில், "மேற்படி பன்முகத்தன்மையைப் பாதுகாக்கும் பொருட்டு, முதற்கட்டமாக ஆடுகளுக்கிடையே காணப்படும் வேறுபாடுகள் களையப்படும்" என்று இருந்தது. இரண்டு பக்கத்தையும் எழுதியவர்கள் வேறு வேறு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள் போல.

திட்டத்தோடு எங்கள் ஊருக்கு வந்தவர் கால்நடைத் துறை உதவி இயக்குநர் சகாயராஜ். நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனி நடத்தும் எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் முழு ஒத்துழைப்பும் தருவதாகச் சொன்னார். கம்பெனி வெப்சைட்டில் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் படம் இல்லாத முதலாளி அந்த வருடம் அவர் ஒருவர்தான். நான் அங்கே குவாலிட்டி பார்க்கும் கிட்டுசாமி. இருபத்திரண்டு வருடமாகத் துணியைத் தவிர எதையும் அளந்ததில்லை.

"நாட்டு ஆடுன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"அதுதான் சார் குழப்பமா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கு."

"அப்ரூவ்டு சாம்பிள் இல்லாம லாட்டை எப்படிங்க செக் பண்ணுவீங்க? பையர் ஒரு பீஸை ஓகே பண்ணி சீல் வெச்சுக் குடுத்தா, மீதி அம்பதாயிரமும் அதே மாதிரி வரோணும். அவ்வளவுதானுங்க."

சகாயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடப் பணியில் இவ்வளவு தெளிவாக யாரும் அவருக்கு எதையும் விளக்கியதில்லை.

முதலாளியின் மகள் தேஜஸ்ரீ ஆசைப்பட்டு வாங்கிய கிடாய் ஒன்று பண்ணை வீட்டில் நின்றது. வெள்ளை வெளேரென்று இருக்கும். காது தோள்வரை தொங்கும். எந்த ஊர் ஆடு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் படத்துக்கு நன்றாக நிற்கும். அதையே சாம்பிளாகத் தேர்ந்தெடுத்துக் கழுத்தில் முத்திரை கட்டினோம். அதனோடு பொருந்தாத ஆடுகள் ஏழு நாளில் ஊராட்சி எல்லையைவிட்டு வெளியேற வேண்டும், மேய்ச்சல் புறம்போக்கு இனிமேல் தூய இனத்துக்கு மட்டும் என்று தண்டோரா போடாத குறையாக அறிவித்தார்கள்.

பரிசோதனை எங்கள் செக்கிங் செக்‌ஷனில் நடந்தது. துணியின் ஷேடு, அதாவது நிறச் சாயல், மாறியிருக்கிறதா என்று பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் ஆட்டின் பாதிதான் நுழைந்தது. ஆகவே முன்பாதி மட்டும் பரிசீலிக்கப்பட்டது. காது, கால், மார்புச் சுற்றளவு எல்லாவற்றுக்கும் அரை சென்டிமீட்டர் வரை கூடக்குறைய இருக்கலாம். ஒரு கிழட்டு ஆடு மூச்சை விடும்போது பாஸானது, இழுக்கும்போது ரிஜக்ட் ஆனது. இழுத்தபோது கையெழுத்தாகிவிட்டதால் அதன் கதை முடிந்தது.

மயிலாள் ஒன்பது ஆடுகளோடு வந்தாள். எங்கள் செக்கிங் மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஆர்டர் இல்லாத மாதங்களில் அவள் வீட்டில் உலை கொதித்தது அந்த ஒன்பதால்தான். கருப்பு, செவலை, புள்ளி, நெட்டைக்கால், குட்டைக்காது என்று எல்லாம் இருந்தன. நான் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். பழுது இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் துணியில் ஒட்டுவது.

"ஏனுங்ணா, கருப்பிக்கு என்னங்க பழுது?"

"காது சின்னது அம்மிணி."

"முந்துன வருசம் மழையில ஊராட்டுக்கெல்லாம் சீக்கு வந்தப்ப இவ ஒரு தும்மல் போடலீங்க. அந்தச் செவலை, பச்சையே இல்லாத கோடையில வேலங்காயத் தின்னுட்டு ரெட்டைக்குட்டி போட்டுதுங்க. புள்ளிக்கு எந்தத் தண்ணியும் ஒத்துக்குமுங்க. ஒண்ணு போனா ஒண்ணு நிக்குமுங்க சார்."

"படிவத்தில் தும்மலுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார் சகாயராஜ். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஸ்டிக்கர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மயிலாள் வேலையை விட்டுவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு சோமனூரில் தம்பி நஞ்சப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

உள்ளூரில் ஓர் ஆடும் தேறாததால், தேறக்கூடிய நாட்டு ஆடுகள் வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வரவழைக்கப்பட்டு, புறம்போக்கில் அமைத்த பாதுகாப்பகத்தில் விடப்பட்டன. நூற்றுப் பன்னிரண்டும் ஒரே அச்சு. எந்த ஆட்டை எண்ணினோம் என்று தெரியாமல் மூன்று தடவை எண்ணினோம். சாம்பிள் கிடாயின் படம் போட்ட வெள்ளை டி-சர்ட்டைக் கம்பெனி ஆறு சைஸில் கொண்டுவந்தது, ஊரே போட்டுக்கொண்டது.

ஐப்பசி மழை பிடித்தது. ஓர் ஆடு தும்மியது. மறுநாள் நூற்றுப் பன்னிரண்டும் தும்மின. பத்து நாளில் சாம்பிள் உட்பட ஒன்றும் மிஞ்சவில்லை. சாவிலும் ஷேடு மாறவில்லை என்று முதலாளி தழுதழுத்தார்.

துறைச் செயலாளர் பார்வையிட வரும் தேதி நெருங்கிவிட்டது. காட்டுவதற்கு ஆடு வேண்டும். சகாயராஜும் நானும் சோமனூருக்குப் போனோம். நஞ்சப்பனின் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்பதும் மழையில் நனைந்தபடி வேலியைக் கடித்துக்கொண்டிருந்தன. சகாயராஜ் கருப்பியைப் பார்த்துக் கும்பிடாத குறை.

"இதுதாம்மா உண்மையான நாட்டு ஆடு! திட்டத்தைத் திருத்தியாச்சு. இனிமே இதுதான் அப்ரூவ்டு சாம்பிள். உன் ஆட்டோட ஊருக்கே திரும்பி வந்துரலாம்."

மயிலாளின் முகம் மலர்ந்தது. "ஒம்பதுமுங்களா சார்?"

"கருப்பியை மாதிரி இருக்கிறதெல்லாம் வரலாம். கிட்டுசாமி, டேப்பை எடுங்க."

எடுத்தேன். எட்டும் பொருந்தவில்லை. எட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தேன். பிறகு மயிலாள் என் கையிலிருந்த தாளில் மிச்சமிருந்த ஓர் அம்பை உரித்துக் கருப்பியின் நெற்றியில் ஒட்டினாள்.

"லாட் மொத்தமும் ரிஜக்ட்டுங்ணா. மழை வலுக்கறதுக்கு முன்னால ஊடு போய்ச் சேருங்க."

பார்வையிடும் விழா குறித்த நாளில் நடந்தது. 'பாதுகாப்பகத்தில் தற்போதுள்ள ஆடுகள்: இல்லை. ஆடுகளுக்கிடையே வேறுபாடுகள்: இல்லை' என்ற அறிக்கையில் 'அளந்து சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். இலக்கை நூறு சதவீதம் எட்டிய ஒரே மையம் என்று செயலாளர் கேடயம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். எல்லோர் உடம்பிலும் அதே வெள்ளை டி-சர்ட். எனக்கு வாய்த்ததில் மட்டும் இடது கை ஷேடு லேசாக மாறியிருந்தது. விழா முடியும்வரை அதை யாரும் பார்த்துவிடாதபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.