சுளித்த முகத்தின் தீர்ப்பு

சத்தத்துக்கென்றே பிறந்த ஊரில், சத்தமே ஆகாத காதோடு பிறந்து தொலைத்த ஓர் இனம் இருக்கிறது. ஹிப்-ஹாப் பிறந்த இந்த பிராங்க்ஸில், எங்கள் தெருவில் அந்த இனத்தின் ஒரே பிரதிநிதி அடியேன்தான். பெயர் ஆல்வின், வயது ஐம்பத்திரண்டு, நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். புதுச் சட்டையின் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டைக் கடை வாசலிலேயே கத்தரித்துவிடுவோம். அடுத்த அறையில் ஃபிரிட்ஜ் உறுமினால், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பல்லைக் கடிப்பதாக நினைத்துக்கொள்வோம். ஹிப்-ஹாப் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். மற்றவர்களுக்குப் பாட்டு காது வழியாக நுழைகிறது. எங்களுக்கு அது உள்ளங்காலில் ஏறி, முழங்காலை உலுக்கி, மத்தியானம் தின்ற வறுத்த கோழியை வயிற்றுக்குள் போய் நலம் விசாரித்து, நெஞ்செலும்பில் இரண்டு குத்து விட்டு, கடைசியில் கடைவாய்ப் பல்லை அடைத்திருக்கும் சிமெண்டைத் தேடிப்பிடித்து நோண்டும். அதற்கு மேல் கடுகு வெடிப்பது போல் ஒரு படபடப்பு. நடுநடுவே கப்பல் சங்கு. இத்தனைக்கும் மேலே ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவார். என்ன பேசுகிறார் என்கிறீர்களா? எனக்கென்ன தெரியும்? நான்தான் தாடையைப் பிடித்துக்கொண்டிருப்பேனே!

இங்கே எங்கள் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டு பிடித்துப்போனால் இங்கே யாரும் புன்னகை செய்வதில்லை. மூக்கைச் சுருக்கி, உதட்டைக் கோணி, ஊசிப்போன மீனை முகர்ந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். சுளிப்பு எவ்வளவு அசிங்கமோ, பாட்டு அவ்வளவு உசத்தி.

ஆறு வருடம் முன்பு முடிவெட்டும் கடையில் யாரோ புதுப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். வலியில் என் முகம் எட்டுக் கோணலாகிவிட்டது. கத்தரிகள் எல்லாம் நின்றன. இப்படி ஒரு ரசிகனைப் பார்த்ததே இல்லை என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? மூச்சு விடவில்லை. நாற்பத்தாறு வருடம் கிடைக்காத மரியாதை ஒரு பல்வலியால் கிடைக்கும்போது எந்த மடையன் வேண்டாம் என்பான்?

அன்று முதல் நான் நீதிபதி. இந்தப் பக்கம் புதுப் பாட்டு எதுவும் வண்டியில் போட்டுக் கேட்காமல் வெளியே வராது. டிக்கி முழுக்க ஒலிப்பெட்டி நிரப்பிய வண்டியில் நாலு பேர் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை முழுச் சத்தத்தில் விடுவார்கள். ஒருவரும் கருத்துச் சொல்ல மாட்டார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முன் இருக்கை எனக்கு. வண்டி, பாட்டுக் கட்டும் எங்கள் தெருப் பையன் டெவான்டுடையது. தெருவை மறித்து வருடா வருடம் நடக்கும் கோடைக் கொண்டாட்டத்தில் யார் பாட்டு ஒலிக்கும் என்ற பட்டியலும் அவன் கையில்தான்.

அந்த வண்டிக்குத்தான் போன சனிக்கிழமை என் மகள் ரோஷெல் தன் முதல் பாட்டோடு வந்தாள். நாலு மாதம் வேலை முடிந்து வந்து எழுதிய பாட்டு. கொண்டாட்டத்துக்கு ஒரே வாரம்தான் இருந்தது.

பெற்ற பாசம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. என் மகள் பாட்டுக்கு நான் வலியில் நெளியலாமா? இதையாவது ஒரு மனிதனைப் போல உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று, இரண்டு காதிலும் மெழுகை உருட்டி அடைத்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன். பாட்டு ஓடியது. உள்ளங்கால் மட்டும் லேசாக அதிர்ந்தது, பல் வரை ஏறவில்லை. நான் தேவாலயத்தில் முதல் வரிசையில் இருப்பவன் போல சாந்த சொரூபியாக இருந்தேன். எனக்கே என் மேல் பெருமை.

பாட்டு முடிந்தது. டெவான்ட் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் ரோஷெலின் உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கண் நிறைந்த பிறகுதான் ஒரு பக்க மெழுகைப் பிடுங்கினேன்.

"பரவால்லப்பா," என்றாள். "டெவான்ட், லிஸ்ட்ல என் பேர அடிச்சிரு."

அடடா! மோசம் போனேன். சுளிக்காத என் முகமே அவள் பாட்டுக்குத் தீர்ப்பாகிவிட்டது. மகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆறு வருடக் கௌரவத்தைக் கொளுத்த வேண்டும். நான் யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் யோசித்தேன். வெட்கக்கேடு, யோசித்தேன். பிறகு அடுத்த காதிலிருந்தும் மெழுகைப் பிடுங்கிக் கையில் வைத்து நீட்டினேன்.

"இதோட கேட்டேம்மா. மறுபடி போடச் சொல்லு."

போட்டான். உள்ளங்காலில் ஆரம்பித்தது. முழங்கால், வயிறு, பல் எல்லாம் வழக்கப்படி. ஆனால் இந்தத் தடவை வார்த்தைகள் காதில் விழுந்தன. கரண்டி விழுந்தால்கூடக் கோபம் வரும் ஒரு வீட்டைப் பற்றிப் பாடியிருந்தாள். மாடிப்படியில், கோட்டு ஒன்றைத் தலையில் போர்த்திக்கொண்டு, கிசுகிசுத்தே பாடக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி. அது யார் வீடு என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் முகம் கோணியது. கண்ணீரும் வந்து சேர்ந்துகொண்டது.

ரோஷெல் முன்னால் எட்டிப் பார்த்தாள். "இது எந்த மூஞ்சிப்பா? நல்லாருக்கா, வலிக்குதா?"

"வலிக்குதும்மா. எனக்கு எப்பவும் வலிதான். ரசிச்சு ஒருநாளும் சுளிச்சதில்ல. வார்த்தை காதுல விழுந்தது இன்னைக்குத்தான். நல்லாருக்கு. நாந்தான் நல்லால்ல."

 அவள் என் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, பெயர் இருக்கட்டும் என்றாள், டெவான்டிடம்.

டெவான்டின் கவனம் பட்டியலில் இல்லை. அவன் தன் ஒன்பது பாட்டுகளையும் என் சுளிப்பைப் பார்த்தே வெளியிட்டவன்.

"அண்ணே," என்றான் மெதுவாக. "உங்க மூஞ்சிய நம்பித்தாண்ணே நான் தபாலாபீஸ் வேலைய விட்டேன்."

 நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நண்பர் கவிதை வாசிக்கும்போது கொட்டாவியை அடக்கிக் கண் கலங்கியவர் நீங்கள். மைத்துனர் வியாபாரத் திட்டம் சொன்னபோது பசி மயக்கத்தில் தலையை ஆட்டியவரும் நீங்கள்தான். விசாரித்துப் பாருங்கள், அந்த மைத்துனர் இன்னும் வேலையில்தான் இருக்கிறாரா?