நான் பிடித்த ஒரே கொடுவா

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் உடனே "ஓம்" என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். கணக்கு வாத்தியார் "விளங்குதா?" என்று கேட்டால் வகுப்பின் முதல் "ஓம்" என்னுடையதாக இருக்கும். (என் கணக்குப் புள்ளிகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) இந்தப் பழக்கத்தால் எத்தனையோ சின்னச் சின்னச் சிக்கல்கள் வந்திருக்கின்றன. ஒரு கல்யாணப் பேச்சே கவிழப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

நான் செங்கலடிக்காரன். வீட்டில் பலசரக்குக் கடை. மீனோடு எனக்கிருந்த பழக்கமெல்லாம் அது தட்டுக்கு வந்த பிறகு ஏற்பட்டதுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் ஒரு சூட்கேசோடு ஆரையம்பதிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமா வாவியில் வலை போடுகிறவர். ஒரு வருஷம் அவர் பிடித்த மீனைச் சாப்பிட்டுக் கந்தோருக்குப் போய், கோப்பு எழுதி, திரும்பி வந்து மறுபடியும் அவர் பிடித்த மீனைச் சாப்பிட்டேன். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாளாவது நான் பிடித்த மீன் இந்த வீட்டு அடுப்பில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்போதுதான் என் மனைவி சுதாவின் தங்கைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பனும் தாயும் குருக்கள்மடத்திலிருந்து ஒருமுறை வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார்கள். இரண்டாவது தடவையாகச் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வருகிறோம் என்றார்கள். இந்த முறையும் ஒன்றும் சொல்லாமல் போனால் அந்தப் பேச்சு அவ்வளவுதான். மாமிக்கு நித்திரை போய்விட்டது. என்ன கறி வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது என் வாய் தானாகத் திறந்தது.

"கொடுவா ஒண்டு நான் கொண்டு வாறன், மாமி."

சந்தையில் வாங்கி வருவேன் என்று மாமி நினைத்திருப்பார். "தூண்டில் போட்டு" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். சுதா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாமா மட்டும் தலையை ஆட்டி, மருமகன் கொண்டு வரட்டும் என்றார்.

அடுத்த நான்கு நாளும் போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் பாஸ் என்று ஒரு மீன் பிடிப்பார்கள். கொடுவா அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அதைப் பிடிக்கப் பொய் மீன், பொய் இறால், பொய்த் தவளை என்று வகைவகையாகப் போடுகிறார்கள். முதலாமவர் விறைப்பான தடிதான் வேண்டும், இல்லையென்றால் பாசிக்குள்ளிருந்து மீனை இழுக்க முடியாது என்றார். இரண்டாமவர் வளைகிற தடிதான் வேண்டும், விறைத்த தடி மீனின் வாயைக் கிழித்துவிடும் என்றார். பாரம் குறைந்த பொய் இரைக்கு ஒரு ரீல், பாரம் கூடியதற்கு வேறொரு ரீல் என்று மூன்றாமவர் சொன்னார். நாலாமவரின் படகில் ஏழு தடி இருந்தது. அவரும் எதை எடுப்பது என்று தெரியாமல்தான் நின்றார். அவரை மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.

வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டதும் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி.

"மேலால போற இரையா, நடுவால போறதா, அடியால போறதா?" என்று கேட்டார்.

"மீன் எதால போகும்?" என்றேன்.

"அது மீனுக்குத்தான் தெரியும், அண்ணன்."

"ஓம்" என்றேன்.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் கேட்டது. தடி விறைப்பா, இளக்கமா? ஓம். ரீலின் கைபிடி இடப்பக்கமா, வலப்பக்கமா? ஓம். முன்பு பிடித்த பழக்கம் இருக்கிறதா? மிகவும் உறுதியான ஓம். கடைசியில் கையில் இருந்தது இதுதான்: சுறா இழுக்கிற அளவுக்கு விறைத்த தடி ஒன்று, உருளை சுற்றுகிற ரீல் ஒன்று (பார்க்க மோட்டார் சைக்கிள் பாகம் மாதிரி இருந்ததால் விரும்பினேன்), அதற்குக் கைபிடி என் கைக்குப் பொருந்தாத பக்கத்தில், யானை கட்டலாம் போன்ற நூல். இரைகளில் என் சின்ன விரல் அளவு ரப்பர் இறால் ஒன்று, அழகாக இருந்ததால் வாங்கியது. கடைக்காரர் மனம் கேட்காமல் பாரமான இரும்பு மீன் ஒன்றையும் பைக்குள் போட்டு, இது கட்டாயம் தேவைப்படும் என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் வாவிக் கரைக்குப் போனேன். ரப்பர் இறாலைக் கட்டி, வீடியோவில் பார்த்ததுபோல் தடியைப் பின்னுக்குக் கொண்டுபோய் வீசினேன். இறால் என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தத் தடிக்கு இறாலின் பாரம் தெரியவே இல்லை. இன்னும் பலமாக வீசினேன். இறால் மெதுவாகத்தான் போனது, ஆனால் உருளை தறிகெட்டுச் சுற்றி நூலையெல்லாம் கக்கிவிட்டது. ரீலுக்குள் காகக் கூடு ஒன்று உண்டானது. சிக்கெடுக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. அதற்குள் தோணியில் போன இரண்டு பேர் தொழிலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வேண்டுமென்றே செய்கிறவன் மாதிரி அவர்களைப் பார்த்துத் தலையாட்டினேன்.

கடைசியில் இரும்பு மீனைக் கட்டினேன். அது பறந்தது! கரையோரத்துக் கண்ணாப் பற்றையைத் தாண்டி, நான் நினைத்தே பார்க்காத தூரத்தில் போய் விழுந்தது. இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். ஏதோ பெரிதாகப் பிடித்திருந்தது. தடி விறைப்பு, நூல் யானை நூல், நானோ ஒரு வருஷத்து வெட்கத்தோடு நிற்கிறவன். குதிகால் சேற்றில் புதைய இழுத்தபோது "படக்" என்று ஏதோ அறுந்தது. அப்புறம் மெதுவாக வந்தது.

கொடுவா. என் கை நீளம். ஒரு துள்ளுத் துள்ளவில்லை. என் பலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உடம்பைச் சுற்றிக் கொஞ்சம் வலைத்துண்டு இருந்தது. வாவிக்குள் எத்தனை குப்பை என்று முணுமுணுத்துக்கொண்டே அதைப் பிய்த்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமி அழாத குறை. மச்சாள் (சுதாவின் தங்கைதான்) மீனோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தாள். மாமா தயிர் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, அவசரமாக வாவிப் பக்கம் போய், பத்தரை மணிக்கு ஈர வலையோடு வந்து வேலியில் போட்டார். அடுக்களையில் மாமி காட்டிய மீனைக் குனிந்து பார்த்தார். செவுளுக்குப் பின்னால் வளையமாக இருந்த தடத்தை விரலால் தடவினார். "நல்ல மீன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

விருந்தினர் வந்தார்கள். பையனின் தகப்பன் குருக்கள்மடத்தாரும் வலைக்காரர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முகத்தில் சிரிப்பே இல்லாத மனிதர். மாமி அவர் இலையில் கொடுவாத் தலையை வைத்து, மூத்த மருமகன் தூண்டிலில் பிடித்தது என்றார். அவர் அந்த மீன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன இரை போட்டீங்க தம்பி?"

அவ்வளவுதான், நான் ஆரம்பித்தேன். மேலால போகிற இரை, அடியால போகிற இரை, தடியின் விறைப்பு, மீனின் மனநிலை. எனக்கு விளங்காத அத்தனையையும் அவருக்கு விளக்கினேன். போதாததற்கு எழுந்துபோய் இரும்பு மீனைக் கொண்டுவந்து காட்டினேன். அதன் கொளுக்கியில் ஒரு வலைத்துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு.

குருக்கள்மடத்தார் முடிச்சைப் பார்த்தார். பிறகு யன்னல் வழியாக வேலியைப் பார்த்தார். அங்கே மாமாவின் வலை காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு நூலால் பொத்திய வலை, நடுவில் ஆள் நுழையலாம் போல் ஒரு புது ஓட்டை. பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா சொதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சு இழுத்தீங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் மாமா சொன்னார்: "மருமகன் நல்லா இழுப்பார்."

குருக்கள்மடத்தாருக்குப் புரையேறியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் மனைவி முதுகில் தட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கம்போல் "ஓம்" என்று நானும் சிரித்தேன்.

கைகழுவும்போது அவர் மாமாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "மருமகனக் காட்டிக் குடுக்காத வீடு. என்ட மகன இஞ்ச நம்பி அனுப்பலாம். நாளப் பாருங்க."

அவர்கள் போனதும் மாமி மச்சாளைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்தச் சம்பந்தம் என் கொடுவாவால்தான் முடிந்தது என்ற பெருமையோடு நான் வளவுக்குப் போனேன். மாமா கதிரையைப் போட்டு வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இத்தனை பெரிய ஓட்டை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எருமை ஒண்டு பூந்திட்டு."

அவர் விரல்களுக்கிடையில் சிவப்பு நூல் போய் வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். கையிலிருந்த இரும்பு மீனைப் பார்த்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. பூமி பிளந்தால் தடி, ரீல் எல்லாவற்றோடும் உள்ளே போயிருப்பேன்.

"மாமா, எருமை நானா?"

"நம்மட எருமைதானே, பரவால்ல" என்றார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: "நீங்க நிக்கிற பக்கமாத்தான் நேத்துப் பின்னேரம் போட்டனான். வெறுங்கையோட நிண்டா, ஒண்டக் கழட்டி உங்கட கையில தருவமெண்டு. அதுக்குள்ள நீங்களே எடுத்திட்டீங்க."

பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பொத்தி முடிக்கும்வரை வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மச்சாளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். விறைத்த தடி முருங்கைக்காய் பறிக்கிறது. அந்த வேலைக்கு மிகப் பொருத்தமான தடி. ஆனால் நான் கொடுவா பிடித்த கதை ஊரெல்லாம் பரவிவிட்டதால், கொடுவாவுக்கு எந்தத் தடி, எந்த ரீல் நல்லது என்று இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து கேட்பார்கள். நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொள்வார்.

"தடி எதெண்டாலும் காரியமில்ல, தம்பி. மாமனார் முதல் நாளே வலை போட்டிருக்கணும்."

வந்தவருக்கு ஒன்றும் விளங்காது. "ஓம்" என்பார்.